வால்வு மாற்றியவருக்கு வரும் காய்ச்சல்

சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய இரண்டு நோயாளிகளிடம், வெகுகாலம் கழித்து, இதயத்தில் காண்பதற்கு மிக அரிதான ஒரு கிருமி இருப்பது தெரியவந்தது. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவான அதன் பெயர் மைக்கோபாக்டீரியம் கிமேரா. தண்ணீரில் வாழ்வது, அதைத் தனி இனமாக அறிவியல் அடையாளம் கண்டதே 2004இல்தான். ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். ஒரே மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட இருவருக்கு, அதுவும் மரபணு அளவில் நெருங்கிய கிருமி வந்திருந்ததால், மருத்துவர்கள் 2013இல் அதை அறிக்கையாக வெளியிட்டுவிட்டு மூலத்தைத் தேடத் தொடங்கினார்கள். 2015இல் அடுத்த அறிக்கை வந்தபோது நோயாளிகளின் எண்ணிக்கை ஆறாகியிருந்தது. அறுவை நடந்த நாளுக்கும் நோய் வெளிப்பட்ட நாளுக்கும் இடையே இருந்த காலம் ஒன்றரை ஆண்டு முதல் மூன்றரை ஆண்டுக்கும் சற்று மேல் வரை.

அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று என்றதும் பெரும்பாலோர் நினைப்பது சிவந்து வீங்கிச் சீழ் வைத்த தையலைத்தான். அது கண்ணுக்குத் தெரியும். சில நாட்களில் தெரிந்துவிடும். கட்டுப் பிரிக்கும் செவிலியரே சொல்லிவிடுவார். இதய வால்வில் பிடிக்கும் தொற்று அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நெஞ்சில் போட்ட தையல் ஆறி, தழும்பு வெளுத்து, நோயாளி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும், உள்ளே புது வால்வின் ஓரத்தில் கிருமி மெதுவாகக் குடியேறிக்கொண்டிருக்கலாம். வெளியே தெரிவது சாதாரணக் காய்ச்சல் மட்டுமே. அந்தக் காய்ச்சலை யார், எப்போது, எந்த வரிசையில் கவனிக்கிறார்கள் என்பதில்தான் பல நேரங்களில் உயிர் தங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். விலை உயர்ந்த மருந்தும் கருவியும் அதற்கு அடுத்தபடிதான்.

இதயத்திற்குள் ரத்தம் ஒரே திசையில் ஓடுவதற்கு நான்கு வால்வுகள் கதவுகளாக நிற்கின்றன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை அவை திறந்து மூடுகின்றன. நாள் முழுவதும் ரத்தத்திலேயே மூழ்கிக் கிடந்தாலும், அந்த மெல்லிய இதழ்களுக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் மிகக் குறைவு; ஆகவே கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மற்றத் திசுக்களுக்குள் நுழைவதுபோல இங்கே எளிதில் நுழைய முடிவதில்லை. இதழின் மேற்பரப்பில் கீறலோ தேய்வோ ஏற்பட்டால், அங்கே தட்டணுக்களும் ஃபைப்ரின் என்னும் நார்ப்புரதமும் படிந்து சிறிய உறைவு உண்டாகும். அந்த நேரத்தில் ரத்தத்தில் மிதந்து வரும் பாக்டீரியா அதில் ஒட்டிக்கொண்டால், அதன் மேல் மறுபடி ஃபைப்ரின் படியும். அந்தப் போர்வைக்குள் பாக்டீரியா பெருகும். அதன் மேல் இன்னொரு படலம் வரும். இப்படி அடுக்கடுக்காக வளரும் திரளை மருத்துவர்கள் 'வெஜிடேஷன்' என்கிறார்கள். மதகுக் கதவில் பிடித்த பாசி நீரோட்டத்தில் அலைவதைப் போல, அது இதழின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். இந்த நோய்க்குத்தான் 'இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ்' என்று பெயர். பெனிசிலின் வருவதற்கு முன் இது வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள்; 1944இல் நியூயார்க்கின் புரூக்ளினில் லியோ லோவி என்ற மருத்துவர் ஏழு நோயாளிகளுக்குப் பெனிசிலினைத் தொடர்ந்து செலுத்திக் காட்டிய பிறகுதான் இதைக் குணப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது.

பெனிசிலின் வந்து பதினாறு ஆண்டுகளில் இந்த நோய்க்குப் புதிய இருப்பிடம் ஒன்றும் கிடைத்துவிட்டது. 1960இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் செயற்கை வால்வை மனித இதயத்தில் பொருத்தினார்கள். இன்று பந்துக்குப் பதில் சாயும் தட்டு வந்துவிட்டது. பன்றியின் வால்விலிருந்தும் மாட்டின் இதய உறையிலிருந்தும் செய்யப்படும் திசு வால்வுகளும் வந்துவிட்டன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இந்தியாவில் இந்தச் சிகிச்சையின் செலவைப் பலருக்கு எட்டக்கூடியதாக்கியது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று பொருட்கள் தெரியும்: பளபளக்கும் உலோகக் கூண்டு, அதற்குள் சாய்ந்து நிமிரும் பாலிஎதிலீன் தட்டு, இரண்டையும் சுற்றிப் பாலியெஸ்டர் துணியாலான ஒரு வளையம். தட்டையும் கூண்டையும்தான் எல்லோரும் வியந்து பார்ப்பார்கள். தொற்றைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது அந்தத் துணி வளையத்தை.

அறுவை மருத்துவர் ஊசி கோக்கும் இடம் அதுதான். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தையல்கள் இதயத் தசையின் ஓரத்திலிருந்து அந்தத் துணிக்குள் புகுந்து வெளியேறி, ஒவ்வொன்றும் பல முடிச்சுகளாக இறுக்கப்படுகின்றன. துணியின் இழைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள், முடிச்சுகளின் கீழே இண்டுகள், புதிதாகத் துளைபட்ட திசு, அதில் கசியும் ரத்தம், அதன் மேல் படியும் உறைவு என, பாக்டீரியா ஒட்டுவதற்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரே வட்டத்தில் கூடியிருக்கிறது. நாளடைவில் உடல் தன் சொந்தச் செல்களால் ஒரு மெல்லிய படலத்தை வளர்த்து அந்தத் துணியை மூடிவிடும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அது திறந்து கிடக்கும் புண்.

இந்த இடத்தைப் பிடிப்பதில் முதலிடம் வகிப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் குடும்பம். அதில் ஆரியஸ் என்ற இனம் முரடானது. சில நாட்களிலேயே வால்வைக் கிழிக்கும் வேகம் அதற்கு உண்டு. எபிடெர்மிடிஸ் என்ற இன்னொரு இனம் நம் எல்லோருடைய தோலிலும் சாதுவாகக் குடியிருப்பது. உயிருள்ள திசுவில் அதற்கு அவ்வளவாக வலுவில்லை. பிளாஸ்டிக், உலோகம், துணி கிடைத்தால் மட்டும் அதன் குணம் மாறிவிடுகிறது. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பான ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்குகிறது. 'பயோஃபிலிம்' எனப்படும் இந்த உயிர்ப்படலத்திற்குள் இருக்கும் பாக்டீரியா மெதுவாகவே பெருகும். பெருகும் பாக்டீரியாவைக் கொல்வதற்கென்று அமைந்த மருந்துகள் பலவும் அதனிடம் தோற்பதற்கு அந்த மந்தமே காரணம். அது பெருகுவதில் மெதுவாக இருப்பதால் நோய் வெளிப்படுவதும் மெதுவாகிறது. அறுவை அரங்கில் ஒட்டியது ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலாக வருவதன் சூட்சுமம் இதுதான்.

ஆகவேதான் வால்வு பொருத்திய முதல் ஓராண்டுக்குள் வரும் தொற்றை மருத்துவர்கள் தனியாக வகைப்படுத்துகிறார்கள். முன்பெல்லாம் அறுபது நாள் என்று எல்லை வைத்திருந்தார்கள். எபிடெர்மிடிஸின் நிதானத்தைப் பார்த்தபின் அதை ஓராண்டாக நீட்டினார்கள். முதல் ஆண்டில் வருவனவற்றில் பெரும்பாலானவை அறுவை அரங்கிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ கிடைத்தவை. கழுத்து நரம்பில் செருகிய குழாய், சிறுநீர்க் குழாய், நாட்கணக்கில் தொடரும் செயற்கைச் சுவாசம், தையல் இடத்தில் வந்த சிறு தொற்று ஆகிய ஒவ்வொன்றும் ரத்தத்திற்குள் கிருமி நுழையும் வாசல். ஓராண்டு கழிந்தபின் வருவன, வால்வு மாற்றாதவர்களுக்கு வருவனவற்றை ஒத்திருக்கும்: பல் ஈறிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் வரும் என்டரோகாக்கஸ் போன்றவை. நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாக வால்வைக் கொண்டுபோய் வைக்கும் புதிய முறையிலும் இந்த ஆபத்து நீங்கவில்லை. அங்கே என்டரோகாக்கஸின் பங்கு கூடுதலாக இருப்பதற்குத் தொடை இடுக்குப் பாதையே ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. மொத்தத்தில், செயற்கை வால்வு பொருத்தியவர்களில் நூற்றுக்கு 1 முதல் 6 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொற்று வருகிறது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் வந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேர் மருத்துவமனையிலேயே இறந்துவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

சூரிச்சுக்குத் திரும்புவோம். நோயாளிகளைத் தொட்ட எதிலும் அந்தக் கிருமி கிடைக்கவில்லை. தொடாத ஒன்றில் கிடைத்தது. இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது ரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்ப ஓர் இயந்திரம் இருக்கும். அந்த ரத்தத்தைத் தேவைக்கேற்பக் குளிரவைத்துச் சூடேற்ற, அதன் பக்கத்தில் இன்னோர் இயந்திரம் நிற்கும். அதற்கு 'ஹீட்டர்-கூலர்' என்று பெயர். அதன் தொட்டியில் இருக்கும் தண்ணீர் மூடிய குழாய்களில் சுற்றிவருகிறது. ரத்தத்துடன் ஒருபோதும் கலப்பதில்லை. கலப்பதில்லை என்பதாலேயே அந்தத் தண்ணீரைக் குறித்து யாருக்கும் பெரிய கவலை இருந்ததில்லை. ஆனால் தொட்டி காற்றுப்புகாதபடி மூடியதன்று. உள்ளே தண்ணீர் கலங்கும்போது நுண்திவலைகள் எழுந்தன. இயந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறி அவற்றை வெளியே ஊதியது. அறுவை மேசைக்கு மேல் சுத்தமான காற்றை இறக்கும் ஏற்பாட்டையும் கலைத்துக்கொண்டு அவை திறந்த நெஞ்சுக்கு மேலே வந்து இறங்கின. ஆய்வாளர்கள் அரங்கில் காற்று மாதிரி எடுத்தபோது, இயந்திரம் ஓடுகையில் கிமேரா கிடைத்தது, நிறுத்தியபோது கிடைக்கவில்லை. புகையை விட்டும் பார்த்தார்கள். விசிறிக் காற்று எங்கே போகிறது என்பதைப் புகை வரைந்து காட்டியது.

பின்னர் வெவ்வேறு நாடுகளிலிருந்து இதே நோய் பற்றிய செய்திகள் வந்தன. நோயாளிகளின் கிருமியையும் இயந்திரங்களின் தண்ணீரில் கிடைத்த கிருமியையும் முழு மரபணு வரிசையோடு ஒப்பிட்டபோது, கண்டங்கள் கடந்தும் அவை நெருங்கிய உறவினராக இருந்தன. ஜெர்மனியில் ஒரே தொழிற்சாலையில் தயாரான ஒரே வகை இயந்திரம். தொழிற்சாலையிலேயே தண்ணீரில் கிருமி இருந்திருக்கிறது. அமெரிக்காவில் அப்போது ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இதய அறுவைகளில் ஹீட்டர்-கூலர்கள் பயன்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் இருந்தது இந்த வகை இயந்திரமே. ஒரு நோயாளியாவது கண்டறியப்பட்ட மருத்துவமனைகளில் ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் ஆயிரத்தில் ஒருவருக்கும் இடைப்பட்டது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016இல் எச்சரித்தது. நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். அவர்களில் சிலருக்கு முதலில் வைத்த பெயர் 'சார்காய்டோசிஸ்'. அந்த நோயிலும் திசுவில் இதே மாதிரியான சிறு முடிச்சுகள் தெரியும் என்பதால் நேர்ந்த குழப்பம் அது; அதற்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் கொடுக்கப்பட்டன. கிருமிக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

கிமேரா ஓர் அரிய விருந்தாளிதான். எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வருவது ஸ்டாஃபிலோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் என்டரோகாக்கஸும்தான். ஆனால் அந்தப் பழகிய கிருமிகளைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போகும் நிலையை நாமாகவே உண்டாக்கிக்கொள்கிறோம். நம் ஊர்களில் காய்ச்சல் வந்தால் முதலில் போவது தெருமுனை மருந்துக் கடைக்கு. கடைக்காரர் ஒரு காய்ச்சல் மாத்திரையும், மூன்று நாளைக்கு ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கொடுப்பார். காய்ச்சல் தணியும், வெஜிடேஷனின் உள் அடுக்குகளில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அந்த மூன்று நாள் மருந்து எதுவுமே செய்யாது, ஆனால் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் பாக்டீரியா குறைந்துவிடும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்து, மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிருமி வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து கொடுக்கும் நிலை அப்போது வருகிறது. இந்தியாவில் எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகள் பலருக்குக் கிருமி வளராமல் போவதற்கு முந்தைய மாத்திரைகளே முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். வால்வு மாற்றியவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தம், பிறகுதான் மருந்து என்ற வரிசை மாறக்கூடாது. நோயாளி மயங்கும் அளவுக்கு மோசமாக இருந்தால்கூட, ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடலாம்.

'பிளட் கல்ச்சர்' எனப்படும் அந்தச் சோதனை பார்ப்பதற்கு எளிமையானது. செய்வதில் ஒழுங்கு வேண்டும். கிருமிநாசினியால் தோலைத் துடைத்து, அது தானாகக் காயும்வரை காத்திருந்து, துடைத்த இடத்தை விரலால் மறுபடி தொடாமல் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். வளர்ப்புத் திரவம் நிரம்பிய சீசா ஒவ்வொன்றுக்கும் எட்டு முதல் பத்து மில்லி வரை ரத்தம் வேண்டும். இரண்டு மில்லி எடுத்து ஒப்பேற்றினால், இருக்கும் கிருமியும் தப்பிவிடும். குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு நரம்புகளிலிருந்து, அரை மணி நேர இடைவெளியில் எடுப்பது வழக்கம். குளிர் நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை; வால்விலிருந்து கிருமி ஓயாமல் ரத்தத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கும். சீசாக்கள் உடல் வெப்பத்தில் வைக்கப்பட்டு இயந்திரத்தால் கண்காணிக்கப்படும். உள்ளே பாக்டீரியா பெருகிக் கரியமில வாயு கூடினால் சீசாவின் அடியில் உள்ள உணரி நிறம் மாறும்.

மூன்று முறை எடுப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் இருப்பதால், ஒரே ஒரு சீசாவில் அது வளர்ந்தால் ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டு வந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வெவ்வேறு நேரத்தில் எடுத்த மூன்றிலும் அதே கிருமி வளர்ந்தால், அதுவும் வால்வு மாற்றியவரிடம், அதை ஒதுக்கக்கூடாது. கிருமியின் பெயர் சில நேரங்களில் வேறோர் உறுப்பின் கதையையும் சொல்லிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் என்ற இனம் வளர்ந்தால், இதயத்துக்கு வைத்தியம் பார்ப்பதோடு பெருங்குடலையும் உள்நோக்கியால் பார்க்கச் சொல்வார்கள். அந்தக் கிருமிக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு நன்கு அறியப்பட்டது.

ரத்தத்திற்கு அடுத்தது படம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கமான எக்கோ, செயற்கை வால்வில் ஏமாற்றக்கூடியது. உலோகம் ஒலி அலைகளைத் திருப்பி அடித்து, பார்க்க வேண்டிய இடத்தின் மேலேயே நிழலைப் போட்டுவிடும். அதனால் உணவுக்குழாய் வழியாகக் குழாயை இறக்கி, இதயத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கும் எக்கோ கிட்டத்தட்டக் கட்டாயம். அதிலும் தெளிவாகாதபோது சி.டி., பெட் ஸ்கேன் ஆகியவை உதவுகின்றன. இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட 1994இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வகுத்த அளவுகோல்கள், 2000இல் திருத்தப்பட்டு, 2023இல் புதிய ஸ்கேன்களையும் சேர்த்துக்கொண்டு விரிவடைந்தன. அளவுகோலில் தேறாததாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பதை அனுபவமுள்ள மருத்துவர்கள் அறிவார்கள்.

நோய் முற்றும்போது மூன்று திசைகளில் சேதம் நடக்கிறது. வால்வு கசியத் தொடங்கினால் இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டும். வெஜிடேஷன் துண்டாகி ரத்தத்தோடு போனால் மூளையில் பக்கவாதமாகவும், மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் அடைப்பாகவும் முடியும். 10 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த திரளை மருத்துவர்கள் அச்சத்தோடு பார்ப்பது இதனால்தான். மூன்றாவது, துணி வளையத்தைச் சுற்றியுள்ள இதயத் தசைக்குள்ளேயே சீழ்க்கட்டி உருவாவது. மகாதமனி வால்வுக்கு மிக அருகில்தான் இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குத் துடிப்பு ஆணையைக் கொண்டுபோகும் மின்பாதை ஓடுகிறது. சீழ் அதை நெருங்கினால் ஆணை போய்ச்சேரத் தாமதமாகும். ஈ.சி.ஜி. தாளில் இரண்டு அலைகளுக்கு இடையே உள்ள தூரம் நேற்றைவிட இன்று ஒரு சிறு கட்டம் கூடியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். இந்த நோயாளிகளுக்குத் தினமும் ஈ.சி.ஜி. எடுத்து முந்தைய நாள் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சடங்குபோலத் தோன்றலாம். எந்த நவீன ஸ்கேனுக்கும் முன்பாக அந்த மலிவான தாள் செய்தி சொல்லிய சந்தர்ப்பங்கள் உண்டு.

மருந்து நரம்பு வழியாக, பெரும்பாலும் ஆறு வாரம். செயற்கை வால்வில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பிடித்திருந்தால், அதன் மருந்து எதிர்ப்பைப் பொறுத்து க்ளாக்சசிலின் வகையோ வான்கோமைசினோ முதல் மருந்தாகும்; முதல் இரண்டு வாரம் ஜென்டாமைசினும், உயிர்ப்படலத்திற்குள் புகுந்து வேலை செய்வதற்காக ரிஃபாம்பிசினும் சேர்க்கப்படும். நம்மவர்களுக்குக் காசநோய் மாத்திரையாகப் பழக்கமான, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அதே ரிஃபாம்பிசின்தான். ரத்தம் உறையாமல் இருக்க வால்வு நோயாளிகள் அன்றாடம் சாப்பிடும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளின் வீரியத்தை அது வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால், உறைவுச் சோதனையை அடிக்கடி செய்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆறு வாரம் படுக்கையில் கிடப்பது குடும்பத்துக்கே சுமை. டென்மார்க்கில் 400 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இதயத்தின் இடப்பக்கத் தொற்றில் நிலை சீரானவர்களுக்குப் பின்பகுதிச் சிகிச்சையை மாத்திரையாக மாற்றினாலும் பலன் குறைவதில்லை என்று காட்டியது. ஆனால் அங்கே மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவரால் பார்க்கப்பட்டவர்கள். அந்தக் கவனிப்பு இல்லாமல் மாத்திரையை மட்டும் இரவல் வாங்குவது அந்த ஆய்வைப் பின்பற்றுவதாகாது.

மருந்து மட்டும் போதாது என்ற முடிவும் அடிக்கடி வரும். இதயம் திணறினால், சீழ்க்கட்டி இருந்தால், மருந்து கொடுத்தும் ரத்தத்தில் கிருமி தொடர்ந்தால், பெரிய திரள்கள் உதிர்ந்தால், தொற்றுப் பிடித்த வால்வை எடுத்துவிட்டு மறுபடி வால்வு வைக்க வேண்டும். இரண்டாம் முறை நெஞ்சைத் திறப்பது முதல் முறையைப் போலன்று. இதயம் நெஞ்செலும்போடு ஒட்டிப்போயிருக்கும், தையல் போட வேண்டிய திசு அழுகிப்போயிருக்கும். மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தால், அறுவையின்போது உறைவைத் தடுக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அந்தக் கசிவைப் பெரிதாக்கிவிடும் என்ற பயம் வேறு. காத்திருந்தால் இதயம் போகும், அவசரப்பட்டால் மூளை போகும் என்ற நிலையில் முடிவெடுக்க வேண்டியவர் ஒருவராக இருக்கக்கூடாது. இதய மருத்துவர், அறுவை மருத்துவர், கிருமியியல் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் ஆகியோர் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று இன்றைய நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன.

தடுப்பைப் பற்றிப் பேசினால் பேச்சு பல்லுக்குத்தான் போகிறது. சொத்தைப் பல் பிடுங்கும்போது ஈறிலிருந்து கிருமி ரத்தத்திற்குள் புகும் என்பதால், 1955 முதல் அமெரிக்க இதயச் சங்கம் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொல்லிவந்தது. தினமும் பல் துலக்கும்போதும்கூடக் கிருமி புகத்தான் செய்கிறது என்ற வாதம் வலுத்து, 2007இல் அது அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. பிரிட்டனில் 2008இல் ஒருபடி மேலே போய், யாருக்குமே வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்தில் அதன்பின் இந்த மருந்துச் சீட்டுகள் மாதத்துக்கு ஏறத்தாழ 10,900இலிருந்து 2,236ஆகக் குறைந்தன. 2013 மார்ச் வாக்கில், எதிர்பார்த்ததைவிட மாதத்துக்கு 35 பேருக்குக் கூடுதலாக எண்டோகார்டைட்டிஸ் வந்துகொண்டிருந்தது என்று 2015இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒன்றால்தான் மற்றது நேர்ந்தது என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 2016இல் பிரிட்டனின் அந்த நெறிமுறையில் 'வழக்கமாக' என்ற சொல் சேர்க்கப்பட்டது. வழக்கமாக வேண்டாம் என்றால், சிலருக்கு வேண்டும் என்று பொருள். அந்தச் சிலரில் முதல் வரிசையில் நிற்பவர்கள் செயற்கை வால்வு உள்ளவர்கள். பல் பிடுங்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அமாக்சிசிலின் 2 கிராம், பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. அதைவிடப் பெரிய தடுப்பு, வால்வு அறுவைக்கு முன்பே பற்களைச் சரிசெய்துகொள்வதும், அதன்பின் ஈறைக் கெடாமல் வைத்துக்கொள்வதும்.

இந்தியாவில் இந்த அறிவுரைக்குத் தனிக் கனம் உண்டு. மேலை நாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்; இங்கே சிறுவயதில் தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிப்போன இளம்பெண்களும் ஆண்களும் ஏராளம். முப்பது வயதில் வால்வு வைத்துக்கொண்டவர், அந்தத் துணி வளையத்தோடு இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழ வேண்டும். அத்தனை ஆண்டுகளில் வரும் பல் வலி, பிரசவம், சிறுநீர்த் தொற்று, ஆறாத கால் புண் எல்லாமே வாய்ப்புகள்.

அறுவை அரங்கில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் வகுக்கப்பட்டுவிட்டன. தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபாசோலின் போன்ற மருந்து ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். மூக்குத் துவாரத்தில் ஆரியஸ் இருப்பவர்களை முன்கூட்டியே கண்டறிந்து, மூப்பிரோசின் களிம்பாலும் குளோர்ஹெக்சிடின் குளியலாலும் அதைப் போக்கினால் அறுவைக்குப் பிந்தைய ஆரியஸ் தொற்று பாதிக்கும் கீழே குறைகிறது என்று நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹீட்டர்-கூலரைப் பொறுத்தவரை, தண்ணீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் கிமேரா திரும்பி வந்தது. தொட்டியின் உட்பரப்பில் அதுவும் உயிர்ப்படலம் கட்டியிருந்தது. சூரிச்சில் இயந்திரத்தின் காற்றை அறுவை அரங்கின் காற்றிலிருந்து முற்றாகப் பிரித்தார்கள். வேறு சில இடங்களில் இயந்திரத்தையே சுவருக்கு வெளியே நிறுத்திக் குழாய்களை மட்டும் உள்ளே விட்டார்கள்.

அதற்குள் அறுவை முடித்துப் போய்விட்டவர்களை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை 2015 அக்டோபரில், நான்கு ஆண்டுகளில் அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 1,300 பேருக்குக் கடிதம் எழுதியது. கவனிக்கச் சொன்ன அறிகுறிகள் காய்ச்சல், இரவு வியர்வை, தசை வலி, எடைக் குறைவு, களைப்பு போன்றவை. இவற்றில் எதுவும் இதயத்தைச் சுட்டுவதில்லை. நம் ஊரில் என்றால் காசநோய் என்று தொடங்கி அலைய வேண்டியிருக்கும். கிமேரா சாதாரண பிளட் கல்ச்சர் சீசாவில் வளராது. அந்தச் சீசாக்கள் ஐந்து நாளில் 'வளர்ச்சி இல்லை' என்ற முடிவோடு குப்பைக்குப் போய்விடும். மைக்கோபாக்டீரியாவுக்கென்று தனிச் சீசா உண்டு, அதை எட்டு வாரம் வரை வைத்திருக்க வேண்டும், கேட்டால்தான் வைப்பார்கள். கேட்பதற்கு, ரத்தத்தோடு ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் 'இதய வால்வு மாற்றப்பட்டவர்' என்ற மூன்று சொற்களும், எந்த ஆண்டு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சீட்டில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.